ராஜித் தீர்ப்பும் மேல்முறையீடும்



கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரவேண்டுமென்று தொடரப்பட்ட வழக்கு ராஜியில், அதாவது சமரசத்தில், முடிந்து, தீர்ப்பாணையும் ஆகிவிட்ட பிறகு, நிலத்துக்குச் சொந்தக்காரியான அம்மாள் தான் அதற்குச் சம்மதிக்கவே இல்லையென்று உன்னிடம் வந்து அழுததையும், நீ உடனே அப்பீல் மனு எழுத உட்கார்ந்துவிட்டதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். உன் இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் மனுவைத் தாக்கல் செய்யுமுன் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆம் பிரிவை மூன்றாம் உட்பிரிவு வரையில் நிதானமாக வாசி.

தரப்பாரின் சம்மதத்தின்மேல் பிறந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லையென்று அது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. தானே இசைந்து தீர்த்துக்கொண்ட விவகாரத்தை, நிலத்தின் விலை பின்னால் ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மறுபடி கிளப்ப இடங்கொடுத்தால் எந்த வழக்குக்கும் முடிவு இராதாகையால், அவ்விதி நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சம்மதமே இல்லையென்றால் என்ன செய்வது? அச்சட்டத்தின் 1976-ஆம் வருஷத் திருத்தத்தின்படி, ராஜி எழுத்தில் இருக்கவேண்டும், தரப்பார் கையொப்பமிட்டிருக்கவேண்டும். ஒப்பந்தச் சட்டப்படி செல்லாததும், மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ பெறப்பட்டு ரத்துச் செய்யத்தக்கதாய் இருப்பதும் சட்டபூர்வமான ராஜி ஆகா. அதே திருத்தம், ராஜியைத் தாக்கித் தனி வழக்குப் போடுவதை 23-ஆம் கட்டளையின் 3-ஏ விதியால் தடுத்துவிட்டு, ராஜியைப் பதிவு செய்திருக்கக்கூடாது என்று அப்பீலில் வாதிக்க 43-ஆம் கட்டளையின் 1-ஏ விதியால் இடமளித்தது. இதைக்கொண்டு உச்ச நீதிமன்றம், 1993-ஆம் வருஷத் தொகுப்பில் வெளியான தீர்ப்பொன்றில், பதிவு செய்த கோர்ட்டிலேயே மனுப் போடலாம், அப்பீலும் செய்யலாம் என்றது. 2006-இல் வந்த தீர்ப்போ, பதிவு செய்த கோர்ட்டை அணுகுவது ஒன்றே பரிகாரம் என்று கண்டிப்பாகச் சொல்லிற்று.

ஆகவே முதலில் அந்தக் கோர்ட்டுக்கே போ என்பதுதான் என் அபிப்பிராயம். ராஜி மனுவை அம்மாளுக்கு வாசித்துக் காட்டியவர் யார், கைரேகை எழுத்து நிறைந்த தாளில் விழுந்ததா, வெற்றுத் தாளில் விழுந்ததா என்பவற்றைச் சாட்சிகளை விசாரித்து அறிய வசதியுள்ள இடம் அதுவே. அப்பீல் கோர்ட்டிலோ பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டின் காகிதங்கள்தாம் பேசும்.

மனுவை எழுதுமுன் ராஜி மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் பார். கடைசித் தாளில் மட்டும் ரேகை இருந்து, முந்திய தாள்களில் கிரயத் தொகையும் கெடுவும் எழுதப்பட்டிருந்தால் அது முக்கியமான விஷயம். "மோசடி" என்ற சொல்லை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடாதே. யார், எப்போது, என்ன சொல்லி வஞ்சித்தார் என்ற விவரங்கள் மனுவில் இருந்தாகவேண்டும். மீதிக் கிரயத் தொகையை அம்மாள் வாங்கிக்கொண்டாரா என்பதையும் கூச்சப்படாமல் கேள். தெரிந்தே வாங்கிச் செலவழித்திருந்தால், அவருடைய வழக்கு நிற்பது அரிது என்பதை அவரிடமே நேராகச் சொல்லிவிடு.

காலதாமதமே சம்மதத்துக்குச் சாட்சியாகக் காட்டப்படும். நாளைக் காலையிலேயே ராஜி மனுவுக்கும் தீர்ப்பாணைக்கும் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பம் போட்டுவிடு.