பக்கத்துப் பள்ளி பெரிதாகிறதா? தெருவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருவனந்தபுரத்தின் கரமனையிலோ சாஸ்தமங்கலத்திலோ வழுதக்காட்டிலோ, "பள்ளிக்கூடத்துல புதுசா கட்டடம் வரப்போகுதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், தெரு இரண்டு கட்சியாகிவிடும். பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் அலைந்த பெற்றோர் ஒரு பக்கம். காலையில் வண்டியை வாசலுக்கு வெளியே எடுக்க முடியாதவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் வேண்டும், வேண்டாம் என்ற சத்தம் மட்டும் எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறாது. கோப்பில் ஏறும்படி கருத்தைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். அதைச் சுவர் எழும்புவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

முதலில் பிளானைப் பாருங்கள். அரசுப் பள்ளி என்றால் கவுன்சிலரையும் பி.டி.ஏ. தலைவரையும் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். பணம் மாநில அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பி வழியாக வந்திருக்கலாம். 2017 ஜனவரியில் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி ரூபாய் என்றும், ஆயிரம் மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு 3 கோடி என்றும் திட்டமிட்டார்கள். தனியார் பள்ளி என்றால் நிர்வாகம் கார்ப்பரேஷனில் பர்மிட்டுக்கு விண்ணப்பித்திருக்கும். 2024 ஜனவரியிலிருந்து இந்த விண்ணப்பங்கள் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளத்தில்தான் போகின்றன.

வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, கார்ப்பரேஷனின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'விவரம் தரவும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். விண்ணப்பத்தோடு வந்த சைட் பிளான், கூடப்போகும் சதுர மீட்டர், மாடிகளின் எண்ணிக்கை, பார்க்கிங் இடம், வாசல் திறக்கும் சாலையின் அகலம், தீயணைப்புத் துறையின் சான்று என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். பள்ளி நிர்வாகத்தின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள் வரை ஆகலாம். ஆகவே பேச்சு கிளம்பிய வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

மொழி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதிலும் பெறலாம். உள்ளூர் அலுவலகங்களில் இந்த உரிமை அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளுக்கு மட்டுமே. அதனால் கார்ப்பரேஷனுக்குப் போகும் மனுவை மலையாளத்தில் எழுதிவிடுங்கள்.

பிளான் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பள்ளி வாசலில் நின்று எண்ணுங்கள். பள்ளி தொடங்குவதற்கு முன் அரை மணி, விட்ட பின் அரை மணி. ஒரு சாதாரண நாள், ஒரு மழை நாள், ஒரு பி.டி.ஏ. கூட்ட நாள் என மூன்று நாளாவது வேண்டும். ஆட்டோ எத்தனை, பள்ளி வேன் எத்தனை, ஒற்றைப் பிள்ளையோடு வரும் கார் எத்தனை, நடந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான்கு கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்தால் போதும். நடந்து வருகிறவர்களைக் கூர்ந்து பாருங்கள். இடவப்பாதி மழையில் ஓடை நிரம்பி ஸ்லாப் மறைந்துவிட்டால், ஒரு கையில் குடையும் முதுகில் பையுமாக வருகிற சின்னப் பிள்ளை சாலையின் நடுவுக்குத்தான் நகரும். அந்த நேரத்தில் வேன் பின்னோக்கி வரும். ஸ்லாப் இல்லாத இடம், விளக்கில்லாத திருப்பம், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத மூலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். மின்கம்பியையும் பாருங்கள். 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில், பள்ளிச் சைக்கிள் கொட்டகைக்கு மேலே தாழ்வாகச் சென்ற கம்பியால் மின்சாரம் தாக்கி எட்டாம் வகுப்பு மாணவன் இறந்தான். புதுக் கட்டடம் எந்தக் கம்பிக்கு அருகில் எழுகிறது என்ற கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது வீடு வீடாகப் போவது. இந்த ஊரில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்களுக்கு நல்ல பலம் உண்டு. கேட்டில் மாட்டியிருக்கும் வீட்டு எண்ணிலேயே அசோசியேஷனின் முதலெழுத்துகள் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கடைக்காரர்களும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் அங்கே வருவதில்லை. சாலை பஜாரில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டுத் திரும்பும் தமிழ்க் குடும்பங்களும் வருவதில்லை. பள்ளி பெரிதானால் அதிகப் பயன் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். படிவத்தை மலையாளத்திலும் தமிழிலும் அடியுங்கள். பெண்களின் கருத்தை அறியக் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

'ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா' என்று கேட்காதீர்கள். வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை உண்டா, எங்கே படிக்கிறது, இப்போதுள்ள தொல்லைகளில் பெரியது எது, என்ன செய்தால் புதுக் கட்டடத்துக்குச் சம்மதிப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களே நீங்கள் கொடுக்கப்போகும் கோரிக்கை மனுவின் உயிர்.

வந்த பதில்களைத் தரம் பிரியுங்கள். தீ, சாலை, வெள்ளம் ஆகியவை முதல் வரிசை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகி இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் நெரித்து வைத்த வகுப்புகள், கூரைக் கொட்டகை, குறுகிய மாடிப்படி. அந்தத் தீவிபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளுக்குத் தீப்பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சத்தம் இரண்டாம் வரிசை. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆண்டு விழா ஒலிபெருக்கிக்கு இதைக் காட்டிப் பேசலாம். மனை விலை குறையும், வெளியாட்கள் வருவார்கள் என்ற குறைகளை மனுவில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் படிக்க வருவதை ஊர் ஒரு குறையாகச் சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அது மற்ற நியாயங்களின் மதிப்பையும் குறைத்துவிடும்.

பள்ளி வளாகம் ஊருக்கே பொதுவானது என்பதற்கு அட்டக்குளங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள நூறாண்டு கடந்த அரசுப் பள்ளியின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பேருந்து நிறுத்தமும் வணிக வளாகமும் கட்ட நகர வளர்ச்சி ஆணையமான ட்ரிடா திட்டமிட்டது. கவிஞர் சுகதகுமாரி எதிர்த்து நின்றார். அங்கே பிள்ளைகளை அனுப்பாதவர்களும், மரங்களுக்காக வந்தவர்களும் அவரோடு சேர்ந்தார்கள். அந்த வணிக வளாகம் எழவில்லை. உங்கள் தெருப் பள்ளியின் புதிய பிளானில் எத்தனை மரம் போகிறது, விளையாட்டு இடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள்.

பிறகு நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். நிபந்தனைகள் அளந்து பார்க்கக்கூடியவையாக இருக்கட்டும்: பிள்ளைகளை ஏற்றி இறக்குவது காம்பவுண்டுக்குள், சின்ன வகுப்பும் பெரிய வகுப்பும் இருபது நிமிட இடைவெளியில் விடுவது, அஸ்திவாரம் தோண்டுவது ஏப்ரல், மே விடுமுறையில், பள்ளி நேரத்தில் டிப்பர் வராமல் இருப்பது, மழைநீர் தெரு ஓடைக்கு வராமல் உள்ளேயே குழி. ஒப்புக்கொண்டதை மினிட்ஸ் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள்.

மனுவின் ஒரு நகல் வார்டு கமிட்டிக்கு. கவுன்சிலர்தான் அதன் தலைவர். அசோசியேஷன் பிரதிநிதிகளுக்கும் வார்டிலுள்ள கல்வி நிறுவனத் தலைவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்பதால், இரு தரப்பும் நேருக்கு நேர் பேச நல்ல இடம். இன்னொரு நகல் கார்ப்பரேஷன் செயலருக்கு, மற்றொன்று கல்வித் துறைக்கு. ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கட்டட விதிகளை மீறிப் பர்மிட் கொடுக்கப்பட்டிருந்தால் திருவனந்தபுரத்திலேயே உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது. காலக்கெடு குறைவு, உடனே வக்கீலைப் பாருங்கள்.

கட்டி முடித்த பிறகும் வேலை உண்டு. பள்ளிக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் ஜூன் திறப்புக்கு முன் உள்ளாட்சிப் பொறியாளர் ஃபிட்னஸ் சான்று தர வேண்டும். மே கடைசி வாரத்தில் அசோசியேஷனிலிருந்து ஒருவரும் பி.டி.ஏ.விலிருந்து ஒருவரும் போய் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.