இன்ஜின் வாங்குமுன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்து நாகமரையில் படகேறினால் அக்கரைப் பண்ணவாடி சேலம் மாவட்டம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கையில் படகு கரையோரமே வந்துவிடும். இன்ஜின் கனம் யாருக்கும் உறைக்காது. நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும் காலத்தில்தான் அது புரியும். கரை சேறும் வண்டலுமாக நீண்டு கிடக்கும். இன்ஜினைப் படகிலேயே விட்டுவிட்டு வர மனம் வராது. கழற்றித் தோளில் வைத்து மேடேற வேண்டும்.

பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினை ஒரே ஆள் சுமந்துவிடுவார். புது ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தூக்கிய தம்பி, "என்னண்ணா இந்தக் கனம் கனக்குது!" என்று பாதி மேட்டிலேயே இறக்கிவிட்டான். டோஹாட்சு 9.8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் சுமார் 26 கிலோ. அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 37 கிலோ. யமஹா 15 குதிரைத்திறனில் டூ ஸ்ட்ரோக் 36 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 50-ஐத் தாண்டுகிறது. வால்வு, கேம் ஷாஃப்ட், தனி ஆயில் தொட்டி என்று உள்ளே சாமான்கள் கூடிவிட்டன. 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்ற இன்ஜினோ ஒன்றரைக் குதிரைத்திறனுக்கே 28 கிலோ!

இருந்தும் நான் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம்தான். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது. எரியாத மிச்சம் புகையோடு தண்ணீரில் இறங்குகிறது. எத்தனையோ ஊர்கள் குடிக்கிற காவிரி இது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் மிச்சமாகிறது.

ஆனால் கனத்துக்குத் தக்கபடி படகைத் தயார் செய்யுங்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பின்பக்கம் தாழ்ந்து போனால், காற்றடிக்கும் மாலையில் அலை உள்ளே ஏறும். பெட்ரோல் கேனை முன்னால் தள்ளி வையுங்கள். 12 லிட்டரே 9 கிலோ வரும். பின்பலகை உயரத்தை அளந்து, அதற்கேற்ற ஷாஃப்ட் நீளமுள்ள இன்ஜினை வாங்குங்கள். தேவையில்லாத நீள ஷாஃப்ட் வீண் சுமை. விலைப்பட்டியலில் போடுவது பெரும்பாலும் ஆயில் ஊற்றாத வெறும் எடை. மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நீங்களே பாருங்கள்.

முக்கியமாக, ஃபோர் ஸ்ட்ரோக்கை இஷ்டத்துக்குச் சாய்க்கக் கூடாது. கம்பெனி சொன்ன பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். சேற்றுக் கரையில் அதைத் தனியாளாகச் சுமக்காதீர்கள், இரண்டு பேராகப் பிடியுங்கள்.