நிறத்தை விடு, காலைப் பார்

தம்பி,

வால்பாறைச் சோலையில் கண்ட இருவகை ஈப்பிடிப்பான்களைப் பற்றி எழுதுகையில், "இரண்டும் பழுப்புத்தானே ஐயா, இதில் என்ன பேதம்?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரி இரண்டு நாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வர்ணத்தைக் கொண்டே பறவையை நிர்ணயித்துவிடலாம் என்ற பிரமை உங்களிடம் எப்படித்தான் வேரூன்றியதோ! சோலை நிழலில் பழுப்பு சாம்பலாகும்; சாய்வெயில் பட்டால் அதே சாம்பலில் செம்மை ஏறும்; ஆனால் கறுத்த கால் எந்த வெளிச்சத்திலும் வெளிறிய காலாகிவிடாது.

ஆகையால் முதலில் காலைப் பார். சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கோ வெளிறிய சதை நிறம். அடுத்தது கீழலகு: முன்னதற்கு அடிப்பாகம் மஞ்சளாகி நுனி கறுத்திருக்கும், பின்னதற்கு முழுவதும் மஞ்சள். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் இரண்டிற்கும் உண்டாதலால், அதைச் சாட்சிக்கு அழைக்காதே. முன்னது வெளிச்சமான கிளையில் அமர்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் வந்தமரும். பின்னது அடர்நிழலில் தாழ்ந்த கிளையில் ஒடுங்கியிருந்து, அந்தி மங்கும் வேளையில்தான் சுறுசுறுப்படையும்.

இந்த இரண்டாவதன்மீது எனக்குப் பட்சபாதம் உண்டு. லேயர்ட் என்ற ஆங்கிலேயர் 1854-இல் இதை முதன்முதலாக விவரித்தபோது, இலங்கையில் இதைத் தமக்குக் கொண்டுவந்து தந்த பணியாள் முத்துவின் பெயரையே இதற்குச் சூட்டினார். சாஸ்திர நூல்களில் இன்றும் இது 'மஸ்கிகாப்பா முத்துயி'தான். பிரபுக்களின் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் மலிந்த அந்த ஜாபிதாவில் ஒரு தமிழ்ப் பணியாளரின் பெயரைக் கண்ட அன்று, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறர் வெறும் பழுப்புக் குருவியென்று விட்டுச் சென்றிருக்கக்கூடிய ஒன்றை அவர் எடுத்துவந்தார். அதை நீ பழுப்பென்று ஒதுக்கலாமா?

இனிக் குரல். இவ்விரண்டும் இங்கே குளிர்காலத்தில் மெல்லிய 'சிட்' ஒலிக்கு மேல் அதிகம் பேசுவதில்லையாதலால், செவியைவிடக் கண்ணே துணை. நீல ஈப்பிடிப்பான்களிடம் செவியும் பயன்படும்: டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் ஏறத்தாழ ஆறு சுரங்களை வெண்கலமணி போலத் தெளிவாக இசைக்கும். அதன் ஆணுக்குத் தொண்டை ஆரஞ்சு. நீலத்தொண்டை ஈப்பிடிப்பானின் ஆணுக்குப் பெயருக்கேற்ற நீலம்.

அடுத்த கடிதத்தில் கால், கீழலகு, அமர்ந்த உயரம், பார்த்த நேரம் ஆகிய நான்கையும் எழுது. நிறத்தைக் கடைசியில் எழுதினால் போதும்.