ஏடும் தாளும் மின்னூலும்

படித்தல் என்பது கண்ணால் எழுத்தைக் காண்பது மட்டுமன்று. நம் ஆன்றோர் சுவாத்யாயத்தை அகத்தவங்கள் 6-இனுள் ஒன்றாக வைத்தனர். தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் அதனை 5 வகையாகப் பகுக்கின்றது: வாசித்தல், ஐயம் வினவுதல், பொருளைச் சிந்தித்தல், பிழையற ஓதிப் பயிலுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல். இன்று நம் இல்லங்களில் அச்சு நூலோடு மின்னூல் படிப்பானும் இடம்பெற்று வருகின்றது. இவற்றுள் எது உயர்ந்தது என வினவுவதைவிட, இவ்வைந்தனுள் எதற்கு எது துணை செய்யும் என ஆராய்வதே பயன் தரும்.

கருவியின் நன்மைகள்

அமெரிக்காவில் 2007-இல் விற்பனைக்கு வந்த கிண்டில் கருவியில், 2016 முதல் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. இத்தகைய படிப்பானின் திரையில் கருமையும் வெண்மையுமான நுண்துகள்கள் மின்விசையால் இடம்பெயர்ந்து எழுத்தாக அமைகின்றன. அமைந்த பக்கம் அப்படியே நிற்க மின்சாரம் வேண்டுவதில்லை. கைப்பேசித் திரைபோல் அது கண்ணுள் ஒளியைப் பாய்ச்சுவதுமில்லை. பார்வை மங்கிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒரு சொல் வருமிடங்களை நொடியில் தேடலாம். பயணத்தில் பல நூல்களை ஒருங்கே கொண்டு செல்லலாம். வாசித்தலுக்கு இவை பெருந்துணையே.

தாளின் வலிமை

சிந்தித்தலுக்கு வரும்போது நிலை மாறுகின்றது. 2000 முதல் 2017 வரை நிகழ்ந்த 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,70,000 பேர் பங்கேற்றவற்றை, ஒருங்கு தொகுத்த கட்டுரையொன்று 2018-இல் வெளியாயிற்று. கணினி முதலிய திரைகளில் படித்தோரைவிடத் தாளில் படித்தோரே பொருளை நன்கு உணர்ந்தனர் என்பது அதன் முடிவு. செய்தியும் கருத்தும் கூறும் நூல்களில் இவ்வேறுபாடு தோன்றிற்று. கதை மட்டுமே படித்தபோது தோன்றவில்லை. காலவரையறைக்குள் விரைந்து படித்தபோது அது மிகுந்தது.

கிண்டிலையே நேராக ஒப்பிட்ட நார்வே, பிரான்சு அறிஞர்களின் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. 50 பேர் ஒரே நெடுங்கதையைப் படித்தனர். பாதிப் பேர் தாளிலும், மற்றையோர் கருவியிலும். பெரும்பாலான தேர்வுகளில் இருசாராரும் ஒத்தே நின்றனர். நிகழ்ச்சிகளைக் காலமுறைப்படி அடுக்குவதில் மட்டும் தாளில் படித்தோர் முந்தினர். படித்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை நூலின் கனத்தால் விரல்கள் உணர்வது நினைவுக்கு ஊன்றுகோலாகலாம் என்பது அறிஞர் கருத்து.

கருவியால் இயலாதது

ஐயம் வினவுதலுக்கு மனிதர் வேண்டும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றுமுன், ஏடுகள் பல கையிலிருந்தும், கும்பகோணத்துச் சமணப் பெருமக்களை அணுகியே ஐயம் தெளிந்தார். ஏட்டுக்குப் பொருந்திய அவ்வுண்மை மின்னூலுக்கும் பொருந்தும்.

பாதுகாப்பும் எண்ணத்தக்கது. தாளைக் கறையான் அரிக்கும். மின்னூலோ விற்றவர் கையிலும் சிக்கியிருக்கும். 2009-இல் ஆர்வெல்லின் நூல்கள் இரண்டை, உரிமைச் சிக்கலால், அமேசான் நிறுவனமே வாங்கினோரின் கருவிகளிலிருந்து நீக்கியது.

இல்லத்தில் கைக்கொள்ளத்தக்கவை

1. முதல் வாசிப்பு, தேடல், பயணம் ஆகியவற்றுக்கு மின்னூல் ஆகும்.
2. ஆழ்ந்து கற்கவும் ஓதிப் பயிலவும் தாள் நூலையே கொள்க. குறிப்பினைக் கையால் எழுதுக.
3. தேர்வுக்குப் படிக்கும் சிறார்க்கு அச்சு நூலையே முதலில் தருக.
4. அரிய நூல்களை அச்சு வடிவிலும் மின்வடிவிலும் பேணுக.
5. வாரத்தில் ஒரு மாலையேனும் படித்ததை ஒருவர் உரைக்க, மற்றையோர் வினவுக.

வாசித்தலோடு நின்றுவிட்டால் தாளும் திரையும் ஒன்றே. மற்றைய நான்கும் தொடருமாயின், எதில் தொடங்கினும் கல்வி நிலைபெறும்.