பெரியவர்கள் கூட்டத்துக்கு மேடை வேண்டாம்

தென்காசியில் வாரந்தோறும் நடந்த பெரியவர்கள் கூட்டம் என் பிடிவாதத்தால்தான் குலைந்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் குலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. நான் எதை விட்டுக்கொடுக்க மறுத்தேன், ஏன் மறுத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பென்சனும் கையில் வந்து, ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று இருக்கும் உங்களுக்கு இது பயன்படும்.

ஆரம்பித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. காசி விஸ்வநாதர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய வீட்டின் முன்கூடம். பாய், சில நாற்காலிகள், சுக்குக் காபி. வந்தவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றும் ஆச்சிகள். கடைக்குக் கட்டுக் கொடுக்கும் நேரத்தை அவர்களிடம் கேட்டு, அதோடு மோதாத நேரமாகக் கூட்டத்தை வைத்தேன். இலை வெட்டிக்கொண்டே கேட்கலாம், தூள் மட்டும் கூடத்துக்குள் வேண்டாம், மூச்சிரைப்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அதன் பிறகு கூடம் நிறைந்தது. சும்மா உட்கார்ந்து கேட்கச் சொன்னால், அன்றைய கூலி போய்விடும் என்று அவர்கள் வரமாட்டார்கள். வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். சர்க்கரை நோய், மூட்டுவலி, மன அமைதி என்று நாமாக ஒரு பட்டியல் போடுவோம். அதெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையில் தினமும் கேட்டுச் சலித்தவை. ஆச்சிகள் முதலில் கேட்டது பி.எஃப். பென்சனுக்கான உயிர்வாழ் சான்றிதழ். அந்தப் பென்சனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். அதை விடாமல் வாங்க வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆயுசு முழுக்க இலை சுருட்டிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், கருவி அதைப் படிக்காது. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பதியும் வசதி ஏற்கெனவே வந்துவிட்டது. இது தெரியாமல் ஒரு இ-சேவை மையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோ வைத்து அலைந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒவ்வொருவர் முகத்தையும் வெளிச்சம் பார்த்துத் திருப்பிவைத்துப் பதிந்து கொடுத்தோம். அதைவிட நல்ல சொற்பொழிவு எதையும் நான் கேட்டதில்லை.

அடுத்தது சொத்து. பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சோற்றுக்குக் கையேந்துகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்தது. மனுவைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யவும் அதில் வழியிருக்கிறது. ஆனால் கவனிப்பேன் என்ற நிபந்தனையோடுதான் சொத்து கைமாறியது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். இதைச் சொன்ன அன்று ஓர் ஆச்சி, “நான் எழுதிக் குடுத்துட்டனே டீச்சர்” என்று அழுதார். முதியோர் உதவி எண் 14567, இணைய மோசடிக்கு 1930, இரண்டையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊரில் ஓர் அமைப்பு, உங்கள் கூட்டத்தைப் பெரிய அளவில் நடத்தித் தருகிறோம் என்று வந்தது. பேனர் அடித்தார்கள். ரசிகமணி வாழ்ந்த குற்றாலத்தில் நடத்துவதுதான் பொருத்தம் என்று இடத்தையும் மாற்றினார்கள். ரசிகமணி டி.கே.சி. என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெயரை இதற்குச் சொல்லமாட்டார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தன் வீட்டு முற்றத்தில் நண்பர்களை வட்டமாக உட்காரவைத்துக் கம்பனைப் பேசியவர் அவர். மேடை இல்லை, தலைமை இல்லை. கடைசிக் காலத்தில் குற்றாலத்துக்குக் குடிவந்த பிறகும், 1954-ல் மறையும் வரைக்கும் வீட்டுக்கு வந்தவர்களோடு பேச்சு அப்படியேதான் நடந்தது.

அமைப்பு குறித்த நாள் ஆகஸ்டு மாத ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் சாரல் கட்டியிருக்கிற சீசன் ஞாயிறன்று அந்த ரோட்டில் வண்டி ஊர்ந்துதான் போகும், பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. அவர்கள் பிடித்த கல்யாண மண்டபத்தின் பெரிய ஹால் மாடியில். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தை, மறுநாள் முகூர்த்தத்துக்குப் பாத்திரம் இறக்கியாயிற்று என்று பூட்டிவைத்திருந்தார்கள். கழிப்பறை கீழே. சாரல் அடித்துப் படியெல்லாம் ஈரம், ஒரு பக்கம்தான் கைப்பிடி. மாடி வேண்டாம் என்று நான் முன்பே சொன்னேன், கடிதமாகவும் கொடுத்தேன். “ரெண்டு ஆளை நிறுத்திப் பிடிச்சு ஏத்திருவோம் டீச்சர்” என்றார் பொறுப்பாளர். ஏற்றினார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஒவ்வொன்றுக்கும் பொன்னாடை. முதியோர் நலம் பற்றிப் பேச வந்தவர் மைக்கைப் பிடித்தபோது மணி பன்னிரண்டரை. உயரமான கூரை, வெறும் சுவர், முழங்குகிற ஒலிபெருக்கி. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல்சுருதி ஒலிகளை. ச, த, ப போன்றவை மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். பக்கத்திலிருந்த ஆச்சி, “சத்தம் கேக்கு டீச்சர், பேச்சு வெளங்கல” என்றார். இரைச்சலில்லாத சின்ன அறையில், வாயசைவு தெரிகிற தூரத்தில், முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் அவர்களில் பெரும்பாலோருக்கு மைக்கே தேவைப்படாது.

அந்த ஆச்சி காலையில் நீர் மாத்திரை போட்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே எழுந்தால் மரியாதையில்லை என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் முடியாமல் எழுந்து தனியாகப் படியிறங்கினார். பிடித்து ஏற்றிய இரண்டு பேரும் அப்போது மேடையோரம் பொன்னாடைத் தட்டோடு நின்றார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தும் அவர் பழையபடி நடக்கவில்லை. “வயசானா விழத்தான் செய்வாங்க” என்று அந்தப் பொறுப்பாளர் சொன்னது என் காதில் விழுந்தது. வயதினால் அவர் விழவில்லை. கழிப்பறைக்கு மேல் ஒரு மாடியில் அவரை உட்காரவைத்ததால் விழுந்தார். அடுத்த வாரம் பல வீடுகளில், “எங்கம்மைய இனி அனுப்ப மாட்டோம்” என்று கதவோரம் நின்றே சொல்லிவிட்டார்கள். அமைப்போடு சேர்ந்து நடத்துவதை விட்டு நான் வெளியே வந்தேன். வந்தது சரி.

இப்போது வேறு இடத்தில், பழையபடி கீழ்த்தளம். வெளியிலிருந்து பேச்சாளரை அபூர்வமாகத்தான் கூப்பிடுகிறோம், வந்திருக்கிறவர்களே பேசுகிறார்கள். ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மேலகரத்து ஆச்சி ஒருவர், அந்த ஊர்த் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலிருந்து பள்ளியில் படித்த பாட்டை முழுக்கச் சொன்னார். பெரியவர்கள் இப்படிக் கூடிக் கற்பது வெளிநாட்டிலும் உண்டு. 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பெரியவர்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகமே தொடங்கினார்கள். 1982-ல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர்கள், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும் என்று வைத்தார்கள். நமக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது முறைதான்.  கூட்டத்தாரைக் குற்றாலத்துச் சித்திரசபை ஓவியங்களைப் பார்க்கக் கூட்டிப்போக நினைத்தால், சீசன் கழிந்து ஒரு வேலைநாள் காலையில் போங்கள்.

கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் இல்லாத நாளில் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தை வாரத்துக்கு ஒரு முற்பகல் இலவசமாகக் கொடுங்கள். மைக் வேண்டாம், மேடை அலங்காரம் வேண்டாம். கழிப்பறையைத் திறந்துவைத்து, தரையைத் துடைத்து, சுவரோரம் ஒரு கைப்பிடி மட்டும் பொருத்திக் கொடுங்கள்.