வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளாதீர்கள்: ஜவ்வாது மலைக்குப் பருவமழை எச்சரிக்கை

புரட்டாசி முடியப் போகிறது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை மலையில் மண் காயாது. ஜமுனாமரத்தூர், புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு, அணைக்கட்டுப் பக்கத்து மலைக் கிராமங்கள் அனைத்துக்கும் இந்த ஆலோசனை பொருந்தும். வீட்டுக்கு இடம் சமன் செய்கிறவர், தங்கும் விடுதிக்கு நிலம் திருத்துகிறவர், சாலை ஒப்பந்ததாரர், கொல்லையை அகலப்படுத்தும் விவசாயி, ஜேசிபி வைத்திருப்பவர் என்று எல்லோரும் படிக்க வேண்டும். ஜேசிபி ஓட்டுநருக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். மண் எந்தப் பக்கம் விழும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளாதீர்கள்.

சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பக்கம் வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்புவது வழக்கம். வெட்டியதில் நிறைய மிஞ்சும். அதை டிப்பரில் ஏற்றிக் கொண்டுபோனால் செலவு. அதனால் பக்கெட்டைத் திருப்பி ஓரத்தில் கொட்டிவிடுகிறார்கள். அந்த ஓரத்துக்குக் கீழே பெரும்பாலும் ஓர் ஓடை இருக்கும். கோடையில் அதில் கல்லும் சருகும்தான் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு யாருக்கும் வேண்டாத பள்ளமாகத் தெரிகிறது. மழை வந்தால் அதுதான் அந்தச் சரிவு முழுவதற்கும் வடிகால். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். நாற்பது ஐம்பது ஏக்கர் சரிவு ஒரே ஓடையில் வடியும்போது என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓரத்தில் கொட்டிய மண்ணில் வேர் கிடையாது, இறுக்கம் கிடையாது. தண்ணீரைக் குடிக்கக் குடிக்க எடை கூடும், பிடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் குவியல் மொத்தமும் இளகி இறங்கும். இறங்கி ஓடையை அடைக்கும். அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் ஏறும். அந்த அடைப்பு ஒரு மணி நேரம் தாங்கலாம், ஓர் இரவு தாங்கலாம். உடையும்போது தண்ணீரும் சேறும் பாறையும் பெயர்ந்த மரமும் ஒன்றாகப் பாயும். ஓடையோரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு எழுந்து ஓட நேரம் இருக்காது. மண்ணைத் தள்ளியவர் மேலே பத்திரமாக இருப்பார். கீழே இருப்பவர்களுக்கு அந்த மண் எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மலைக்குத் தென்மேற்கே இருக்கும் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். ஒரு மாவட்டத் தலைநகரில் அப்படி நடக்கும் என்று அதுவரை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தி ஒரே நாளில் 82 செ.மீ. மழை கண்டது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது அங்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜேசிபியைச் சரிவில் இறக்க முடியாது. அத்தனை சாவுக்குப் பிறகுதான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இனி வேலைகள். வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 15க்குப் பிறகு புதிதாக எந்த இடத்தையும் வெட்டாதீர்கள், தை பிறக்கட்டும். பாதியில் நிற்கும் வேலைக்கு முதலில் வடிகால், பிறகு மற்றவை. வெட்டிய சரிவின் தலைப்பில், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, குறுக்கே ஒரு மறிப்பு வாய்க்கால் எடுங்கள். அது பாறையிலோ கல் பரப்பிய இடத்திலோ போய் முடிய வேண்டும், வெறும் மண்ணில் முடிந்தால் அங்கேயே அரித்துப் புது ஓடை உண்டாகும். செங்குத்தாக வெட்டிய முகத்தைப் படிப்படியாகச் செதுக்கிவிடுங்கள். தடுப்புச்சுவர் கட்டினால் பின்பக்கம் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடியக் குழாய் வையுங்கள். குழாய் இல்லாத சுவர், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்திலேயே சாய்ந்துவிடும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்துத் தார்ப்பாய் போர்த்துங்கள், பிறகு செடி வைக்க அதுதான் உதவும். சைட்டின் கீழ் எல்லையில் மண் மூட்டை வரிசை, அதற்கு முன்னால் வண்டல் குழி. குழி பாதி நிறைந்ததுமே அள்ளிவிடுங்கள். திறந்து கிடக்கும் மண் மேல் வைக்கோல், சருகு, தென்னை நார் வலை, எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். வெட்டிவேர் நட இதுதான் நேரம். சம உயரக் கோட்டில், இடைவெளி விடாமல் நெருக்கி நடுங்கள். அதன் வேர் 3 மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கும்.

அமெரிக்காவில் ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலத்தைக் கலைத்துக் கட்டுவதென்றால், மண் வெளியேறாமல் தடுக்கும் திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். 14 நாளுக்கு மேல் வேலை நிற்கும் இடத்தில் திறந்த மண்ணை உடனே மூடத் தொடங்க வேண்டும் என்பதும் அங்கே விதி. சரிவில் இருக்கும் நாம் 14 நாள் காத்திருக்கவே கூடாது. மழைக்காலத்தில் அன்று திறந்த மண்ணை அன்று மாலையே மூடுங்கள்.

சாமை அறுத்தவர்களுக்கு. தாளைப் பிடுங்காதீர்கள், கொளுத்தாதீர்கள். அடித்தாள் நின்றால் மண் நிற்கும். ஈரம் இருக்கும்போதே கொள்ளு விதைத்தால் பெருமழை வருவதற்குள் தரை மூடிவிடும். உழவு எப்போதும் சரிவுக்குக் குறுக்கே. உடைந்த கல் வரப்புகளை இந்த வாரமே அடுக்கிவிடுங்கள், நம் முன்னோர் அடுக்கிய கல் அங்கேயேதான் சிதறிக் கிடக்கிறது. 100 அடி போவதற்குள் 16 முதல் 33 அடி வரை ஏறுகிற சரிவில் படிக்கட்டுக் கழனி இல்லாமல் பயிர் வைக்காதீர்கள். 33 அடிக்கு மேல் ஏறுகிற இடத்தைக் கொத்தவே வேண்டாம். பலா, புளி, நெல்லி, சீத்தா என்று மரங்களுக்கு விட்டுவிடுங்கள்.

சாலை போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக்குச் சாலை வேண்டும். அல்லேரி மலைக் கிராமத்தில் 2023இல் பாம்பு கடித்த குழந்தையை நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனதையும், இறந்த குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்ததையும் மறக்க முடியாது. ஆனால் மலையை வெட்டிப் போட்ட மண் பாதை ஒரே மழையில் அரித்துப் போனால் ஆம்புலன்ஸ் மறுபடியும் அடிவாரத்தில்தான் நிற்கும். உள்பக்கம் வாய்க்கால், ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் போதிய அளவுக் குழாய்ப் பாலம், அதன் வெளிவாயில் கல் பரப்பு: இந்த மூன்றும் இல்லாத சாலையைச் சாலை என்று கணக்கில் எடுக்க முடியாது. சாலைக்கு வெட்டிய மண்ணும் வீட்டுக்கு வெட்டிய மண்ணும் மழைக்கு ஒன்றுதான். ஒப்பந்ததாரர் என்பதற்காக ஓடை உங்களுக்கு மட்டும் விலகிக் கொடுக்காது. அளவு அதிகம் என்பதால் உங்கள் குவியல் இன்னும் ஆபத்தானது.

அடுத்தது விதிகள். “என் பட்டா நிலம், யாரைக் கேட்க வேண்டும்?” என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பதில் சொல்கிறேன். மலைக் கிராமங்களில் மனை பிரிப்பதையும் கட்டடம் கட்டுவதையும் பார்த்துக்கொள்ள 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. ஹாக்கா என்று நாம் சொல்வது அதைத்தான். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வந்தால் வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தும் தேவைப்படும். எதற்கு இத்தனை துறை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். மரம் போனால் என்ன ஆகும், மண் எவ்வளவு தாங்கும், கீழே பாறை எப்படி இருக்கிறது என்று மூன்று பேர் மூன்று கேள்வி கேட்கிறார்கள். கட்டடத்துக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் மரம் வெட்டவும் புதிதாக நிலம் திருத்தவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடு வைக்கிறது. மண்ணை வெட்டி வெளியே எடுத்துச் செல்ல 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வேண்டும். ஓடை புறம்போக்கு உங்கள் பட்டாவில் சேராது, அதை மேவினால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாயும். காப்புக்காட்டு எல்லைக்குள் மண்ணைத் தள்ளினால் வனச்சட்டப்படி குற்றம்.

ஆக, மிஞ்சிய மண்ணை ஓடையில் தள்ளுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. “ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளிவிட்டோம், யாரும் பார்க்கவில்லை” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மழையில் ஓடை செம்மண் நிறத்தில் ஓடும். மேலே இரண்டு வளைவு நடந்தால் எந்த சைட் என்று தெரிந்துவிடும்.

தள்ளிய மண் உங்கள் ஓடையோடும் நிற்பதில்லை. கமண்டல நாகநதி வழியாகச் செண்பகத்தோப்பு அணைக்கும், மிருகண்டா நதி வழியாக அதன் அணைக்கும், செய்யாறு வழியாகக் குப்பநத்தம் அணைக்கும் போகிறது. அங்கே படிகிற ஒவ்வொரு யூனிட் வண்டலும் போளூர், கலசபாக்கம், செங்கம் பக்கத்து விவசாயிக்கு அந்த அளவு தண்ணீர் இல்லாமல் செய்கிறது. இழப்பு உங்களுக்கும்தான். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கழுவிப் போனால் 4 கன மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை யூனிட். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கனத்தை டிப்பரில் ஏற்றி யாராவது உங்கள் கொல்லையிலிருந்து கொண்டுபோனால் சும்மா விடுவீர்களா?

மண்ணை வேறு எங்கேதான் போடுவது? இந்தக் கேள்வியை வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். எத்தனை யூனிட் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, கொட்டும் இடத்தை முடிவு செய்த பிறகே ஜேசிபிக்கு முன்பணம் கொடுங்கள். ஓடையிலிருந்தும் சரிவின் விளிம்பிலிருந்தும் விலகிய சமதரையாக இருக்க வேண்டும். அடியில் பெரிய கற்களால் கல்கட்டு கட்டி, அதற்குப் பின்னால் ஒரு அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். மேலே புல் கரணை பதியுங்கள். படிக்கட்டுக் கழனிக்கு மண் தேடும் பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள், உரிய அனுமதியோடு அவருக்குக் கொடுக்கலாம். வெட்டும் அளவையே குறைப்பது இன்னும் நல்லது. சரிவுக்கு ஏற்றபடி இரண்டு மட்டமாக வீடு கட்டினால் பாதி மண்ணை வெட்டவே தேவையில்லை.

மழை பிடித்த பிறகு கவனிக்க வேண்டியவை சில. சரிவில் புதிய விரிசல், நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது: எதைப் பார்த்தாலும் அந்த வீட்டில் இரவு தங்காதீர்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். பார்த்து வரலாம் என்று ஓடைக்குள் இறங்கி மேலே போகாதீர்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு ஓடைக்குக் குறுக்காக மேட்டுக்கு ஏறுங்கள். ஆடு மாடுகளை முன்கூட்டியே அவிழ்த்து விடுங்கள், கடைசி நேரத்தில் கயிற்றை அவிழ்க்கத் திரும்பாதீர்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

ஏற்கெனவே மண்ணைத் தள்ளிவிட்டவர்கள் இந்த வாரமே அதை எடுக்க வேண்டும். இயந்திரம் இறங்க முடியாத இடமாக இருந்தால் ஆள் வைத்து அள்ளுங்கள், குறைந்தது ஓடையின் நடுப்பகுதியையாவது முழு அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். அதுவும் முடியாது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றே போய்ச் சொல்லுங்கள். அபராதத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். அந்த ஓடைக்குக் கீழே இருக்கும் வீடுகளை மழைக்கு முன் காலி செய்ய நிர்வாகத்துக்கு நாட்கள் வேண்டும்.