தக்காளிக்கு இருளும் வேண்டும்

பச்சைத் தாவரங்கள் ஒளியின் துணைகொண்டே உணவாக்குகின்றன. ஆகவே ஒளி மிகுந்தால் விளைவும் மிகும் என எண்ணுதல் இயல்பே. ஆயினும், பச்சைவீடுகளில் மின்விளக்கேற்றி இரவு பகலாக ஒளியூட்டப்படும் தக்காளிச் செடிகள் செழிப்பதில்லை. அவற்றின் இலைகளில் மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றிப் பரவும், ஒளித்தொகுப்புக் குன்றும், விளைவும் குறையும். இத்தீங்கு 1930 ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டதொன்றாகும்.

நாளின் ஒழுங்கு

இலையிலுள்ள பச்சையம் தனித்திருப்பதன்று. சில புரதங்களுடன் இணைந்தே ஒளியை ஏற்கின்றது. இப்புரதங்களுட் பலவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் கலத்தின் கருவில் உள்ளன. அவை நாள் முழுவதும் ஒரே அளவில் தொழிற்படுவதில்லை. பட்டாணிச் செடியில், விடியுமுன்னரே அவற்றின் தொழிற்பாடு உயரத் தொடங்குவதை 1985 இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. அதாவது, கதிரவன் எழுமுன்னரே இலை ஒளியை ஏற்க ஆயத்தமாகின்றது. இதற்குத் தாவரத்தினுள் அமைந்த ஏறக்குறைய 24 மணி நேர ஒழுங்கே காரணமாகும்.

இரவும் வீணான காலமன்று. பகலில் இலையிற் சேர்ந்த மாப்பொருள் இரவில் வெல்லமாக மாறி, வேர், தண்டு, காய் முதலிய உறுப்புகளுக்குச் செல்கின்றது.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

காட்டுத் தக்காளி இனங்களுட் சில, இடைவிடாத ஒளியையும் தாங்கவல்லன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2014 இல் இதன் காரணத்தை ஏழாம் நிறமூர்த்தத்திற் கண்டனர். பச்சையத்துடன் இணையும் புரதமொன்றுக்குரிய பரம்பரையலகு, பயிரிடப்படும் தக்காளியில் இடைவிடாத ஒளியின்கீழ்த் தொழிற்பாடு குன்றுகின்றது. காட்டினத்தின் தாங்குமியல்பைக் கலப்பினால் பெற்ற செடிகள், இடைவிடாத ஒளியில் 20 சதவீதம் வரை கூடுதலான விளைவைத் தந்தன.

செய்கையாளர் கவனிக்க வேண்டியவை

1. இலங்கையிற் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமாதலால், திறந்த வெளியில் வளரும் தக்காளிக்கு இத்தீங்கு நேராது.

2. பச்சைவீட்டிலோ நாற்றறையிலோ விளக்கேற்றுவோர், பகலொளியும் விளக்கொளியும் சேர்ந்து நாளொன்றுக்கு 16 மணி நேரத்துக்கு மேற்படாதவாறு பார்த்துக்கொள்ளல் நன்று. எஞ்சிய நேரம் இருளாயிருத்தல் வேண்டும்.

3. விளக்கை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் அணைத்தல் வேண்டும்.

4. விளக்கொளியில் வளரும் செடியின் இலை மஞ்சளித்தால், போசணைக் குறைபாடென உடனே முடிவுசெய்து பசளையிடலாகாது. முதலில் ஒளியூட்டும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட ஒளியால் மின்சாரச் செலவும் வீண், பயிருக்கும் கேடாகும்.